ரொறன்ரோவில் ஒரு பாண் ஓட்டோ

அத்தியாயம் 6

"பனி கொட்டுது," என்றார் சிவக்கொழுந்து.

ஷிப்லி அவரின் ஒஃபிஸ் யன்னலால் எட்டிப் பார்த்தான். வெள்ளவத்தையில், காலி வீதியில், பகல் பதினொரு மணி வெயில் தார் மணக்க நின்றது. பஸ் கொண்டக்டர் ஒருவன் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு "கல்கிசை, கல்கிசை" என்று கத்திக்கொண்டு போனான்.

"எங்க மிஸ் கொட்டுது? எனக்கு வேர்வதான் கொட்டுது."

"வெளியில இல்லை ஷிப்லி. இந்தப் போனுக்குள்ள பாரும்."

மேசையில் கிடந்த போனில் வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, அறுபது வயது முகம். முகத்துக்குப் பின்னால் பெரிய கண்ணாடி யன்னல். யன்னலுக்கு வெளியே பஞ்சு பிய்த்துப் போட்டது மாதிரிப் பனி. கீழே பெயர் எழுதியிருந்தது: டி. ராஜ், சட்டத்தரணி, ரொறன்ரோ.

போனின் சொந்தக்காரர் வலன்ரைன் மேசைக்கு முன்னால் இருந்தார். கொட்டாஞ்சேனை ஆள். நாற்பத்திரண்டு வயது. உள்ளே வந்து கதிரையில் இருந்தபோது, யாரோ ஒரு சீமெந்து மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரித் தன்னைத் தானே மெல்ல இறக்கி வைத்தார். அதைச் சிவக்கொழுந்து பார்த்தார். பார்த்ததைச் சொல்லவில்லை.

"நான் கட்டட மனேஜர் மிஸ்," என்று வலன்ரைன் தொடங்கினார். "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் பம்பலப்பிட்டி ஹோட்டல் ஒண்டுல இன்டர்வியூ. கனடாவிலேருந்து கட்டடக் கொம்பனிக்காரங்க நேரா வந்திருக்காங்க. பாஸ்போட் இல்லாட்டி வாசல்லயே மறிச்சிருவாங்க. என் பாஸ்போட் இப்ப ரொறன்ரோவுல இருக்காம்."

"ஆர் கொண்டுபோனது?"

"இங்க பக்கத்துலதான், 'பனிவாசல்' எண்டு ஒரு ஒஃபிஸ். அபிஷன் எண்ட ஏஜண்ட். அவர்ட்டதான் குடுத்தேன். இப்ப ஷட்டர் பூட்டிக் கிடக்கு. நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிட்டாராம், போன் வேலை செய்யல்ல. நேத்துப் பின்னேரம் ஆறு மணிக்கு இந்த லோயர் கோல் எடுத்தாரு. மகள் அதை மற்றப் போன்ல வீடியோ எடுத்து வச்சா."

சிவக்கொழுந்து வீடியோவைத் திரும்ப ஓட விட்டார். கோட்டுக்காரர் பேசினார்: "மிஸ்டர் வலன்ரைன், உங்கட பாஸ்போட் இஞ்ச வந்து சேர்ந்திட்டுது. என்ர லாச்சிக்குள்ள பத்திரமா இருக்கு. இந்த முறை நீங்கள் இன்ரவியூவுக்குப் போகவேண்டாம். அடுத்த வருஷம் பாப்பம்."

"அடுத்த வருஷம் வருவாங்களோ தெரியா மிஸ்," என்றார் வலன்ரைன். குரல் இறங்கிவிட்டது. "இருவது பேரைத்தான் கூப்பிட்டிருக்காங்க. அதுல நான் ஒரு ஆள்."

இருபத்திரண்டு வருடமாகச் சிவக்கொழுந்துவின் தொழில் மாப்பிள்ளை விசாரிப்பு. லண்டன், சிட்னி, ரொறன்ரோ என்று பெண் கொடுக்க நினைக்கிற தாய் தகப்பன்மார் அவரிடம்தான் வருவார்கள். மாப்பிள்ளை சொன்ன வேலையில் இருக்கிறாரா, சொன்ன வீட்டில் இருக்கிறாரா, அந்த வீட்டில் வேறு ஒருத்தி இருக்கிறாளா என்று கொழும்பை விட்டு அசையாமலே கண்டுபிடித்துச் சொல்லுவார். ஷிப்லியின் ஓட்டோதான் அவருக்கு வாகனம். ஓட்டோ நின்றாலும் ஷிப்லியின் வாய் நிற்காது.

"முதல் விசயம்," என்றார் சிவக்கொழுந்து. "இது ஓகஸ்ட் மாசம். ரொறன்ரோவில இப்ப சனம் கை இல்லாத பெனியனோட தோட்டத்தில தக்காளி பிடுங்குது. பனி எங்கால வந்தது?"

"ஏசியக் கூட்டி வச்சிருப்பார் மிஸ்."

"வாயை மூடிப்போட்டுக் காதைத் திறவும். இந்த இடத்தைக் கேளும்."

இரண்டாவது நிமிடம். கோட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ஒரு மணிச்சத்தப் பாட்டு எழும்பியது. கொழும்பில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த பாட்டு. மூன்று சில்லு வண்டியில் கண்ணாடிப் பெட்டி பூட்டி, அந்த ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு, பின்னேரத்தில் ஒழுங்கை ஒழுங்கையாகப் பேக்கரிப் பாணும் பணிசும் விற்க வரும் பாண் ஓட்டோவின் பாட்டு.

"அல்லாவே! ரொறன்ரோவுக்கும் பாண் ஓட்டோ போய்ட்டா?"

வலன்ரைன் கையை ஆட்டினார். "அது என் பக்கத்துச் சத்தம் மிஸ். நான் வீட்டுல இருந்துதான் கதைச்சேன். எங்க ஒழுங்கைக்கு ஸமீம் நானாட ஓட்டோ தினம் ஆறு மணிக்கு வரும். அதுதான் விழுந்திருக்கு."

"நானும் அப்படித்தான் நினைச்சன். பொறுங்கோ." சிவக்கொழுந்து வீடியோவை விரலால் தள்ளினார். ஆறாவது நிமிடம். அதே பாட்டு திரும்பவும் எழும்பியது, இந்த முறை காதுக்குள்ளே ஊதுவது மாதிரி. உடனே ஒரு பெண் குரல்: "பாண் வந்திட்டு, சில்லறை தாங்க!"

"இது ஆர்?"

"என் மனுசி."

"உங்கட வீட்டுக்குப் பாண் ஓட்டோ வந்தது ஆறாவது நிமிஷம். அப்பதான் மனுசி ஓடுறா. அப்ப ரெண்டாவது நிமிஷத்தில வந்தது ஆற்ற வீட்டுக்கு? அந்த நேரம் உங்கட வீட்டில ஒருத்தரும் அசையேல்லை. ஆனா இவரைப் பாருங்கோ."

படத்தை நிறுத்திக் காட்டினார். பாட்டு எழும்பிய அந்த நொடியில் சட்டத்தரணி டி. ராஜின் கண் இடது பக்கம் திரும்பியிருந்தது. எச்சில் விழுங்கினார்.

"போனுக்குள்ளால வந்த பாட்டு அது," என்றார் சிவக்கொழுந்து. "ஸமீமின்ர ஓட்டோ முதல் ரொறன்ரோவுக்குப் போயிட்டு, நாலு நிமிஷத்தில கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கு."

ஷிப்லி ஓட்டோச் சாவியைக் கையில் எடுத்தான். "நாலு நிமிசத்துல ரொறன்ரோ. மீட்டர் போட்டா நூத்தம்பது ரூவா."

கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியில் கோட்டையில் ட்ரஃபிக். ஷிப்லி கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கேட்டான்: "மிஸ், இந்த நாடுகள் எல்லாம் என்னத்துக்கு நம்மளக் கூப்பிடுது? நம்மட கரண்ட் பில் ஒஃபிஸ்லயே நம்மளக் கண்டா கதவப் பூட்டுறான்."

"நாடு ஏன் கூப்பிடுது எண்டு எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை ஏன் கூப்பிடுறார் எண்டு தெரியும்."

"ஏனாம்?"

"சமைக்க ஆள் இல்லை."

வலன்ரைன் சிரிக்கவில்லை. அவர் தன் கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸமீம் நானாவைப் பேக்கரி வாசலில் பிடித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சூடான பாண் அடுக்கிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"வலன்ரைன் தம்பிட ஒழுங்கைக்கு நாலு நிமிசம் முந்தியா? அப்ப பின் தெரு. அங்க மூணு பேர்தான் வாங்குவாங்க. ஒண்டு அம்னா டீச்சர், ட்யூசன் புள்ளைகளுக்கு. ஒண்டு சலூன்காரன். மத்தது மேல்மாடி ஐயா."

"அவர் எப்பிடி ஆள்?"

"மூணாம் மாடி. இறங்கவே மாட்டாரு. கயித்துல பை கட்டி இறக்குவாரு, நான் ரெண்டு கிம்புலா பணிஸ் போடுவேன், இழுத்துக்குவாரு." முதலை மாதிரி நீட்டி உருட்டி, மேலே சீனி தூவிய பணிஸ் ஒன்றை ஸமீம் எடுத்துக் காட்டினார். "மூணு வருசமா வியாபாரம். கழுத்துக்குக் கீழ கண்டதில்ல."

"இண்டைக்குக் காணுவம்," என்றார் சிவக்கொழுந்து.

திட்டம் சின்னது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி வலன்ரைன் பின் தெரு முடக்கில் நின்ற ஷிப்லியின் ஓட்டோவுக்குள் இருந்து வீடியோ கோல் எடுத்தார். பனி கொட்டியது. கோட்டுக்காரர் வந்தார்.

"மிஸ்டர் வலன்ரைன், நான்தான் சொன்னனே, பாஸ்போட் இஞ்ச பத்திரமா..."

ஸமீம் பாட்டைப் போட்டார். பின் தெரு முழுவதும் மணிச்சத்தம். போனில் கோட்டுக்காரரின் கண் இடப்பக்கம் போனது.

"ஒரு நிமிஷம். இஞ்ச பனிப்புயல். யன்னலைச் சாத்திப்போட்டு வாறன்."

போனில் வெறும் பனி மட்டும் மிஞ்சியது. மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு வெளியே வந்தது. சிவப்பு டை கைப்பிடிச் சுவருக்கு மேலால் தொங்கியது. சுவரின் கிறாதி வழியே கீழ்ப்பகுதி தெரிந்தது: நீலக் கட்டம் போட்ட சாரம், வெறுங்கால்.

"மேல கனடா, கீழ கொட்டாஞ்சேனை," என்றான் ஷிப்லி.

பை கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. பணிஸ் போடப்போன ஸமீமின் கையைச் சிவக்கொழுந்து மெல்லத் தள்ளிவிட்டுத் தன் விசிட்டிங் கார்டைப் பைக்குள் போட்டார். பை மேலே போனது. கதவு சாத்தியது. போனில் கோட்டுக்காரர் திரும்ப வந்து உட்கார்ந்தார். பசியில் கையைப் பைக்குள் விட்டார். பனிக்குள் கை பாதி மறைந்து, கார்டோடு திரும்ப வந்தது. படித்தார்.

*சிவக்கொழுந்து. வெளிநாட்டு ஆட்கள் விசாரணை. வெள்ளவத்தை.*

ஷிப்லி போனுக்குள் தலையை நீட்டினான். "சேர், ரொறன்ரோவுல பணிஸ் என்ன வெல?"

மனிதர் துள்ளி எழும்பினார். கதிரை விழுந்தது. கொம்பியூட்டரில் என்ன தட்டுப்பட்டதோ, பனி ஒரேயடியாக நின்றுபோய் ஒரு தகர அலுமாரியும், மருந்துக்கடைக் கலண்டரும், கொடியில் காய்ந்த பெனியனும் தெரிந்தன.

ஐந்து நிமிடம் கழித்து அந்த அலுமாரிக்கு முன்னால் நால்வரும் நின்றார்கள். வலன்ரைன் கையை நீட்டினார். "என் பாஸ்போட்."

மனிதர் மேசை லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வலன்ரைன் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார்.

"பொலிசுக்கு அடிக்கவா மிஸ்?" என்றான் ஷிப்லி.

"அடியுங்கோ," என்றார் மனிதர். சாரத்தை இறுக்கிக் கட்டினார். "ஆனா ஒண்டு. என்ர முழுப்பேர் தியாகராசா. ரொறன்ரோவில இருபத்திரண்டு வருஷம் குடிவரவு லோயரா இருந்தனான். இப்பவும் என்ர பேர் அங்கத்தைய பதிவில இருக்கு. பாருங்கோ."

இதுமாதிரிப் பேச்சைச் சிவக்கொழுந்து எத்தனையோ மாப்பிள்ளைமாரிடம் கேட்டிருக்கிறார். போனை எடுத்தார். அந்த ஊர்ச் சட்டத்தரணிமார் பெயர்ப்பட்டியல் யாரும் பார்க்கத் திறந்து கிடப்பது. பதிவு இலக்கத்தைக் கேட்டு அடித்தார். வந்தது. படமும் இருந்தது. அதே முகம், அதே மச்சம்.

"சாரம் மட்டும் இதுல இல்ல," என்றான் ஷிப்லி.

"உண்மையான லோயர்," என்றார் சிவக்கொழுந்து. போனை மேசையில் வைத்தார். "அப்ப உங்களுக்கு ஏன் இந்தப் பனி?"

தியாகராசா கட்டிலில் உட்கார்ந்தார். "முழங்கால் குளிருக்கு ஏலாமல் மூண்டு வருஷத்துக்கு முன்னால வந்திட்டன். கீழ போர்ட் போட்டன். எட்டு மாசத்தில நாலு பேர் வந்தினம். நாலு பேரும் ஒரே கேள்வி: 'அங்க நல்லதெண்டா நீங்க ஏன் வந்தனீங்கள்?' கேட்டுப்போட்டு இறங்கிப் போயிட்டினம். இந்த ஊரில கனடா போக ஆசைப்படுறவன் கனடாவிலயிருந்து வந்தவன்ர கதையைக் கேக்க மாட்டான். அபிஷன் வந்து பின்னால பனியை ஒட்டிவிட்டான். அடுத்த கிழமை நாப்பது பேர். அவங்கட பாஸ்போட், படிவம் எல்லாம் அவன்தான் இஞ்ச கொண்டுவந்து தாறவன்."

"அதுக்கு இவரின்ர பாஸ்போட்டை ஒளிக்கிறதே? நாளைக்கு இன்ரவியூ எண்டு தெரியுமெல்லே?"

"தெரிஞ்சுதான் ஒளிச்சனான்."

அலுமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் போட்டார். 'வலன்ரைன், கட்டுமான முகாமையாளர், பத்தொன்பது வருட அனுபவம், அறுபது பேர் இவருக்குக் கீழ் வேலை.' கீழே ஒரு கொம்பனி முத்திரை.

"அப்பிடி ஒரு கொம்பனி இல்லை. நான் தேடிப் பாத்தன். அபிஷனிட்டச் சொன்னன், இந்தக் கடிதத்தோட ஆளை அனுப்பாதை, பொய் பிடிபட்டா அஞ்சு வருஷத்துக்குக் கதவைப் பூட்டிப்போடுவாங்கள் எண்டு. அவன் கேக்கேல்லை. ஒரு இன்ரவியூ போனாப் போகட்டும், அஞ்சு வருஷம் போகக்கூடாது எண்டுதான் பாஸ்போட் ரொறன்ரோவுக்குப் போனது."

"இதை அவரிட்ட நேரா சொல்லியிருக்கலாம்."

"கொட்டாஞ்சேனை மூண்டாம் மாடியிலயிருந்து சொன்னா நம்பியிருப்பாரா?"

வெளியே பாண் ஓட்டோவின் பாட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது.

"அந்த அபிஷனை நல்லூர்லயே வச்சுப் பிடிக்கோணும்," என்றான் ஷிப்லி. "மனுசன மனேஜராக்கி ஏமாத்தி..."

"அபிஷன் ஆக்கேல்லை." தியாகராசா இன்னொரு தாளை எடுத்தார். வலன்ரைன் தன் கையாலேயே நிரப்பிய படிவம். தொழில் என்ற இடத்தில் பெரிய, மெல்ல எழுதிய எழுத்தில் 'மனேஜர்' என்று இருந்தது.

சிவக்கொழுந்து தாளைப் பார்க்கவில்லை. வலன்ரைனின் முழங்காலைப் பார்த்தார். "காலமை நீங்கள் கதிரையில இருந்தபோதே யோசிச்சன். அறுபது பேரை மேய்க்கிற மனேஜருக்கு வாய்தான் காய்ச்சிருக்கும். உங்களுக்கு முழங்கால் காய்ச்சிருக்கு. நிலத்தில முழங்கால் குத்தி வேலை செய்யிற ஆள் நீங்கள்."

வலன்ரைன் பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டைல்ஸ்," என்றார் கடைசியில். "பத்தொம்பது வருசமா டைல்ஸ் பதிக்கிறேன். வேலை செய்யிற இடத்துல எல்லாரும் 'டைல்ஸ் பாஸ்' எண்டுதான் கூப்பிடுவாங்க. கனடாக் கொம்பனிக் கடிதத்துல தொழிலாளி கேட்டுத்தான் எழுதியிருந்தாங்க. தொழிலாளி கேட்ட இடத்துக்கு மனேஜரே வாறார் எண்டா சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சேன். மனுசிட வீட்டாளுங்களுக்கும் மனேஜராப் போறேன் எண்டுதான் சொல்லி வச்சிருக்கு. மச்சான்மார் மூணு பேரும் பேங்க்ல. கலியாண வீட்டுல யாராவது கேட்டா 'கட்டடத் தொழில்' எண்டு சொல்லிட்டு வேற பக்கம் பாப்பாங்க."

தியாகராசா எழும்பி அவருக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டும் சாரமுமாகத்தான் நின்றார், ஆனாலும் அப்போது அவரைப் பார்த்து ஷிப்லிகூடச் சிரிக்கவில்லை.

"நாடு பாசத்தில ஆளைக் கூப்பிடாது தம்பி. கை இல்லாமல் கூப்பிடும். அங்க வீடு கட்டினவங்கள் எல்லாம் கிழவனாகி வீட்டை போயிட்டாங்கள். அவங்கட பிள்ளைகள் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கு. பாதி கட்டின வீடுகள் தரையில்லாமல் நிக்குது. மனேஜர் அவங்களிட்ட தாராளமா இருக்கு, நீர் ஏத்திக்கொண்டு போகத் தேவையில்லை. அவங்கள் காசைச் செலவழிச்சு இஞ்ச வந்தது உம்மட முழங்காலைத் தேடித்தான். அதை நீர் காற்சட்டைக்குள்ள ஒளிச்சுப்போட்டு, இல்லாத அறுபது பேரைக் காட்டப் போறீர்."

அன்று இரவே இன்னொரு கடிதம் தயாரானது. தரை பதிப்பவர், பத்தொன்பது வருடம், வேலை செய்த கட்டடங்கள், வேலை கொடுத்த மூன்று பேரின் போன் இலக்கம். எல்லாம் உண்மை. தியாகராசா தன் பெயரை முழுதாகப் போட்டு, முகவரி கொட்டாஞ்சேனை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"எதைக் கொண்டுபோவீர்?" என்று கேட்டார்.

வலன்ரைன் இரண்டு கடிதத்தையும் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

காலை ஒன்பது மணி. பம்பலப்பிட்டி ஹோட்டலின் மேல் மண்டபம். தியாகராசா முழுக் காற்சட்டையோடு, சட்டத்தரணியாக, வலன்ரைனுக்குப் பக்கத்தில் நடந்தார். திறந்த கதவடியில் சிவக்கொழுந்துவும் ஷிப்லியும் நின்றார்கள்.

"எந்தக் கடிதம் மிஸ் குடுப்பார்?"

"மாப்பிள்ளைமாரின்ர மனசைக் கூட நான் ஒருநாளும் சொன்னதில்லை. பேசாமல் நில்லும்."

தூரத்து மேசையில் இரண்டு பேர். ஃபைல் எழுதும் ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் மரக்கட்டை மாதிரிக் கையுள்ள ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கிழவர் ஏதோ கேட்டார். தியாகராசா தமிழில் சொன்னார்: "என்ன தொழில் எண்டு கேக்கிறார்."

வலன்ரைன் ஃபைலைத் திறந்தார். கை இரண்டு கடிதத்துக்கும் நடுவில் நின்றது. மச்சான்மார் மூன்று பேரும் அந்த மண்டபத்தில் வந்து நின்றது மாதிரி அவர் முகம் வேர்த்தது. கால் மாற்றி நின்றார்.

டொக்கு.

வலன்ரைன் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கித் திரும்ப வைத்தார். டொக்கு. ஃபைலைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். பிறகு யாரையும் கேட்காமல், நல்ல காற்சட்டையோடு, முழங்கால் குத்தி உட்கார்ந்தார். விரல் மொழியால் டைல்ஸைத் தட்டினார்.

"ஐயோ, என்ன மிஸ் செய்றாரு? இன்டர்வியூவுல தொழுகையா?"

"இது வெறும் கோது," என்றார் வலன்ரைன், தரையைப் பார்த்தபடியே. "கீழ கலவை நிரம்பல்ல. நாலு மூலைக்கும் அள்ளி வச்சுட்டு நடுவுல காத்த விட்டிருக்கான். மழைக்காலம் வந்தா கிளம்பும்." அடுத்ததைத் தட்டினார். "இதுவும்."

தியாகராசா மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அதற்கு முதலே கிழவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பியிருந்தார். மேசையைச் சுற்றி வந்தார். முழங்கால் இரண்டும் மடமடவென்று சத்தம் போட, அவரும் நிலத்தில் குத்தினார். தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். வலன்ரைன் விரலால் காட்டிய அடுத்த கல்லைத் தட்டினார். இருவரும் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து தட்டிக்கொண்டே மண்டபத்தின் நடுவுக்குப் போனார்கள். மொழி தேவைப்படவில்லை. நல்ல கல்லுக்குக் கிழவர் தலையாட்டினார், கெட்ட கல்லுக்கு வலன்ரைன் உச்சுக்கொட்டினார்.

மேசையில் அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள்.

"ஒக்ரோபரில வர ஏலுமா எண்டு கேக்கிறார்," என்றார் தியாகராசா.

வலன்ரைன் பதில் சொல்லுமுன் பக்கக் கதவால் ஹோட்டல் மனேஜர் ஓடி வந்தார். பளபளக்கும் சப்பாத்து, கழுத்தில் பட்டி, கையில் வோக்கி.

"என்ன நடக்குது இங்க? தரையைத் தட்டுறது யாரு? யாருங்க நீங்க?"

வலன்ரைன் தலையை நிமிர்த்தினார். எழும்பவில்லை. சிவக்கொழுந்து கதவு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டைல்ஸ் பாஸ்," என்றார் வலன்ரைன். "கொஞ்சம் காலை எடுங்க சேர். நீங்க நிக்கிறதும் கோதுதான்."